பூக்கிற நேரத்தில் உறைபனி, மரத்தடியில் உண்ணி: மூடாக்கை எடுக்கணுமா, விடணுமா?

கொல்லைத்தோட்டம் கேட்டது:

வணக்கம். குளிர் பிரதேசத்துல வீட்டுக் கொல்லையில பழமரம் வளர்க்கறவங்ககிட்ட ஒரு சந்தேகம். இருக்கறது குட்டை ரக ஆப்பிள் ரெண்டு (ரெண்டரை மீட்டர் உயரம்), பீச் ஒண்ணு, ஒரு பாத்தி ஸ்ட்ராபெர்ரி. ஆப்பிள் இப்போ இளஞ்சிவப்பு மொட்டு, பீச் முழுப்பூ. இந்த வாரம் ரெண்டு ராத்திரி மைனஸ் 3 வரைக்கும் போகும்னு முன்னறிவிப்பு. காத்து இல்ல, வானம் தெளிவா இருக்கும்னு போட்டிருக்கு.

போர்வை போர்த்தினா போதுமா, தண்ணி தெளிக்கணுமா? மரத்தடியில போன வருஷச் சருகும் வைக்கோலுமா ஒரு சாண் மூடாக்கு கிடக்கு. உறைபனிக்கு அதை எடுத்துடுங்கன்னு சிலர், வேருக்கு நல்லது விடுங்கன்னு சிலர். பின்வேலியைத் தாண்டினா காடு, அதனால உண்ணி வேற. இந்தக் குளிர்ல அது செத்துடாதா?

மொட்டும் பிஞ்சும்:

முதலில் கணக்கு. பூ எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குளிர் கொல்லும். ஆப்பிளில் பச்சை நுனி மட்டும் தெரியும்போது மைனஸ் 7.8 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால்தான் பத்தில் ஒரு மொட்டு போகும். இளஞ்சிவப்பிலிருந்து முழுப்பூ வரை அதே சேதத்துக்கு மைனஸ் 2.2 போதும், மைனஸ் 3.9 வந்தால் பத்தில் ஒன்பது காலி. முழுப்பூவில் நிற்கும் பீச்சுக்கு இந்த எல்லைகள் மைனஸ் 2.8, மைனஸ் 4.4. விரிந்த ஸ்ட்ராபெர்ரிப் பூ மைனஸ் 1 அளவிலேயே கருகிவிடும்.

ஆக மைனஸ் 3 என்பது உங்களுக்குக் கொஞ்சம் இழப்பு, முழு நாசமில்லை. ஆப்பிள் பூத்த பூவில் நூற்றுக்குப் பத்து பிடித்தாலே மரம் நிறையக் காய்க்கும். ஆனால் முன்னறிவிப்பில் சொல்வது நிழற்கூண்டுக்குள் (வெயில் படாத, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டி) அளந்த காற்றின் வெப்பநிலை. தெளிந்த, காற்றில்லாத இரவில் பள்ளமான தோட்டத்தில், தரையை ஒட்டி, அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறையலாம். அதனால் தோட்டத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். கூரை இறவாணத்தின் கீழ் மாட்டாதீர்கள், வானம் தெரிகிற இடத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், உள்ளதிலேயே பள்ளமான மூலையில் மாட்டுங்கள். அதற்கு முன் நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் முக்கிப் பாருங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் எத்தனை தப்புகிறதோ அதை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்த ஆட்டத்தில் ஒரு டிகிரி பிழை என்பது பாதி விளைச்சல்.

போர்வை விஷயம். போர்வை சூடு தராது, மண்ணிலிருந்து எழுகிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆகவே மரத்துக்கு முண்டாசு கட்டி அடித்தண்டில் முடிச்சுப் போட்டால் ஒரு புண்ணியமும் இல்லை. நான்கு கம்பு நட்டுக் கூடாரம் போல் தரைவரை இறக்கி, ஓரத்தில் கல் வையுங்கள். சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ள உறைபனித் துணி இரண்டு மூன்று டிகிரி தாங்கும். பிளாஸ்டிக் மட்டும்தான் இருக்கிறதென்றால் பூவைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்ட இடமெல்லாம் கருகும். பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட வேண்டும், இருட்டிய பிறகு மூடினால் சூடு கிளம்பிப் போயிருக்கும்.

கூடாரத்துக்குள் பழைய இழை பல்பு சரம் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. 7 வாட் பல்பு 25 என்றால் 175 வாட், ஒரு குட்டை மரத்துக்கு நல்ல உதவி. எல்இடி சரம் அழகுக்கு மட்டும், சூடு வராது. பல்பு துணியில் உரசக் கூடாது, மின் இணைப்பு ஈரத்தில் கிடக்கக் கூடாது.

புகை போடச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். மண்ணிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரைத் தடுக்கும் அளவுக்குப் புகைத் துகள் பெரிதில்லை. கண்தான் எரியும்.

மூடாக்கை எடுங்கள் என்பவர் சொல்வதுதான் சரி. ஈரமான வெற்று மண் பகலில் வெயிலை உள்வாங்கி இரவில் விடும். ஒரு சாண் வைக்கோல் இரண்டையும் தடுக்கும். முந்தின நாளே எடுத்துவிட்டு, மேல் மண் ஒரு அடி நனைகிற அளவுக்குப் பகலில் தண்ணீர் விடுங்கள். கொத்திவிடாதீர்கள், பொலபொலவென்ற மண்ணில் காற்று புகுந்து அதுவும் மூடாக்கு மாதிரி ஆகிவிடும். ஸ்ட்ராபெர்ரிக்கு மட்டும் நேரெதிர்: எடுத்த வைக்கோலில் சருகில்லாததாகப் பார்த்துச் செடியின் மேலேயே இரவில் பரப்பி, காலையில் விலக்கலாம்.

ஏழரை:

தண்ணி தெளிக்கறதைப் பத்தி யாரும் சொல்லல, சொல்லிடறேன். வேலை செய்யும், ஆனா பாதியில விட்டா ஒண்ணுமே செய்யாம இருந்ததைவிட மோசம்.

காரணம் இதுதான். ஒரு லிட்டர் தண்ணி பூ மேல உறையும்போது 334 கிலோஜூல் வெப்பம் விடுது. அதே ஒரு லிட்டர் ஆவியாச்சுன்னா சுமார் 2,500 கிலோஜூல் எடுத்துக்குது. அதாவது ஒரு பங்கு ஆவியாகறதை ஈடுகட்ட ஏழரை பங்கு உறையணும். என் பேருக்கு அர்த்தம் இப்போ புரியும். அதனாலதான் காத்து அடிக்கற ராத்திரியிலயும், ட்யூ பாயிண்ட் (காத்துல இருக்கற ஈரம் பனித்துளியாப் படிய ஆரம்பிக்கற வெப்பநிலை) ரொம்பக் கீழே இருக்கற ராத்திரியிலயும் தெளிக்கவே கூடாது. உங்களுக்குக் காத்து இல்லங்கறது நல்லது. ட்யூ பாயிண்ட் எவ்வளவுன்னு முன்னறிவிப்புல பாருங்க, மைனஸ் 6, 7ன்னு இருந்தா தண்ணியை மறந்துட்டுப் போர்வையோட நில்லுங்க.

அளவு: மைனஸ் 3, காத்தில்லாத ராத்திரிக்கு மணிக்கு 3 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர்னா 1 லிட்டர். 25 சதுர மீட்டர் இடத்துக்கு மணிக்கு 75 லிட்டர், எட்டு மணி நேரத்துக்கு 600. வீட்டுக் குழாய் தாராளமாத் தாங்கும். பிரச்சினை சீராப் பரவறதுலதான். சாயங்காலமே நேர்ச்சுவர் உள்ள தகர டப்பா நாலஞ்சை மரத்தடியில அங்கங்கே வெச்சு ஒரு மணி நேரம் ஓட விட்டு, ஸ்கேலால அளங்க. ஒண்ணுல 6, இன்னொண்ணுல 1ன்னு இருந்தா ஸ்பிரிங்க்ளரை மாத்தி வைங்க. அந்த 1 மில்லிமீட்டர் விழற கிளைதான் காலையில கருகி நிக்கும். ஸ்பிரிங்க்ளர் தலை நிமிஷத்துக்கு ஒரு சுத்தாவது சுத்தணும், மெதுவாச் சுத்தினா ரெண்டு நனைவுக்கு நடுவுல பூ உறைஞ்சுடும்.

ஈரக்குமிழ் வெப்பநிலை (குமிழ்ல ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டறது) பூஜ்யத்துக்கு மேல இருக்கும்போதே ஆரம்பிக்கணும். வறண்ட ராத்திரியில அது சாதா தெர்மாமீட்டர் 3, 4 டிகிரி காட்டும்போதே வந்துடும். நிறுத்தறது சூரியன் வந்ததும் இல்ல. ஐஸ் கிளையிலிருந்து தானாக் கழண்டு விழ ஆரம்பிச்ச பிறகு. நல்ல ஐஸ் கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும். பால் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். கிளைக்கு முட்டு கொடுங்க, ஐஸ் கனத்துல ஒடியும். குட்டை ரகத்துக்கு வேர்ப்பிடி கம்மி, மரமே சாயலாம்.

ரெண்டே குட்டை மரம்னா என் ஓட்டு போர்வைக்குத்தான். தண்ணி ஸ்ட்ராபெர்ரிப் பாத்திக்குச் சரியா வரும்.

வேலியோரம்:

உண்ணி குளிரில் சாகாது. காற்று மைனஸ் 3 என்றால் சருகுக்கு அடியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், அங்கே சுகமாகக் கிடக்கும். லைம் நோயை (உண்ணிக் கடியால் வரும் பாக்டீரியா நோய்) பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பெண், 4 டிகிரிக்கு மேல் போனாலே புல் நுனிக்கு ஏறி முன்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். குதிக்காது, பறக்காது, மரத்திலிருந்து விழாது. உரசுகிறவரைத் தொற்றிக்கொள்ளும். உறைகிற நள்ளிரவில் அதன் நடமாட்டம் குறைவு, பயம் மாலையிலும் விடிந்த பிறகும்தான். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும் மாதங்களில் வரும் இளம் உண்ணி இன்னும் மோசம், கசகசா அளவுதான், கண்ணில் படாது.

அதற்கு எமன் வறட்சி. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் காய்ந்துவிடும். எனவே உங்கள் சருகு மூடாக்கை எடுப்பது பூவுக்கு மட்டுமல்ல, உண்ணிக்கும் மருந்து. ஆப்பிள் சொறி நோயின் பூஞ்சையும் பழைய இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது, அதுவும் சேர்ந்து போகும். வாரியதைக் காட்டோரம் குவிக்காதீர்கள். எலி குடியேறும், உண்ணிக் குஞ்சுக்கு முதல் சாப்பாடே எலிதான். வேலிக்கும் புல்தரைக்கும் இடையே ஒரு மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த மரச்சீவல் பரப்புங்கள். உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள், இல்லையேல் மான் வரும்.

இனி ஒன்று, மேலே இரண்டு பேருமே தொடாதது. உண்ணி எத்தனை இருக்கிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் செய்வது என்ன தெரியுமா? ஒரு மீட்டர் சதுர வெள்ளை ஃபிளானல் துணியைப் புல்மேல் மெதுவாக இழுத்துப்போய், பத்து பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை புரட்டி எண்ணுவார்கள். காலையில் நீங்கள் உறைபனித் துணியை உருவி, வேலியோரப் புல்லில் இழுத்துக்கொண்டு, தோளில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவருவதும் அதேதான். இழுக்காதீர்கள். அங்கேயே உதறி, கொடியில் வெயிலில் போட்டு, காய்ந்த பின் இரண்டு பக்கமும் பார்த்து மடியுங்கள்.

உடுப்புக்கு 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. ஷூ, சாக்ஸ், பேண்ட்டின் கீழ்ப்பாதி முக்கியம். வெளியே வைத்து ஈரமாகும்வரை தெளித்து, முழுக்கக் காய்ந்த பின் போடுங்கள். தோலில் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனை அண்டக் கூடாது, பூனைக்கு அது விஷம். தோலுக்குப் பூச்சி விரட்டி: 20 விழுக்காடு பிகாரிடின் அல்லது 20 முதல் 30 விழுக்காடு டீட். பேண்ட்டை சாக்ஸுக்குள் விடுங்கள், பார்க்க அசிங்கம்தான். வந்ததும் துணியைத் துவைக்கும் முன் நேரே டிரையரில், அதிகச் சூட்டில் பத்து நிமிடம். ஈரத் துணிக்கு இன்னும் நேரம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, தொப்புள், அக்குள், காதுக்குப் பின்னால், முடியோரம் தடவிப் பாருங்கள்.

கடித்திருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டி வாயருகே பிடித்து, முறுக்காமல், சீராக மேலே இழுங்கள். வாசலின், நகப்பூச்சு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். அதெல்லாம் உண்ணியை உசுப்பி எச்சிலைத்தான் இன்னும் உள்ளே விடவைக்கும். எடுத்ததை டேப்பில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். லைம் கிருமி உடலுக்குள் வரப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்றாடச் சோதனைக்குப் பலன் உண்டு. 3 முதல் 30 நாளுக்குள் காய்ச்சலோ, பரவிக்கொண்டே போகும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போய் உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள். தடிப்பு எப்போதும் வளையமாகத்தான் வரும் என்றில்லை. தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செய்திகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ், அது வேறு பூச்சி, வேறு கிருமி.

கொல்லைத்தோட்டம்:

ரொம்ப நன்றி. மூடாக்கை நாளைக்கு மத்தியானம் வாரிடறேன். தோட்டம் முழுக்க உண்ணி மருந்து அடிச்சுட்டா வேலை முடிஞ்சுடாதா? அப்புறம், பூ செத்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?

வேலியோரம்:

பூ இருக்கும்போது அடித்தால் தேனீ சாகும், தேனீ இல்லாமல் காய் ஏது. அதோடு 2016-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், வீட்டுத் தோட்டங்களில் வசந்தத்தில் ஒருமுறை தெளித்ததில் உண்ணி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் வீட்டாருக்கு வந்த நோய் குறையவில்லை.

மொட்டும் பிஞ்சும்:

விடிந்ததும் பார்க்காதீர்கள், மத்தியானம்வரை பொறுங்கள். இதழ் ஏமாற்றும், வெளியே புதுப்பூ போலவே நிற்கும். பிளேடால் பூவைக் குறுக்கே வகிர்ந்து நடுவில் சூலகத்தைப் பாருங்கள். வெளிர்பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, மிளகை உடைத்தது போல் கருப்பு என்றால் போயிற்று. மேல்கிளை, கீழ்கிளை, வடக்கு, தெற்கு என்று மரத்துக்கு 20 பூவாவது வெட்டுங்கள். கீழே எல்லாம் கருகி உச்சியில் பிழைத்திருப்பது சகஜம். இந்த இரண்டு இரவும் கடந்து, கடைசி உறைபனித் தேதியும் தாண்டும்வரை பிஞ்சு கலைக்காதீர்கள் (மிகுதிப் பிஞ்சைக் கிள்ளி எடுக்காதீர்கள்). பாதிக்கு மேல் போயிருந்தால் இந்த வருடம் தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். சுமக்கக் காய் இல்லாத மரத்துக்கு உரம் போட்டால் கிளையாகத்தான் ஓடும். புது மூடாக்கு போடுவதும் கடைசி உறைபனித் தேதிக்குப் பிறகுதான். அப்போது சருகு வேண்டாம், மரச்சீவல் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.