கிராவிட்டி படத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் காட்சி

நிலாமுற்றம்:
விண்வெளி வீரர் கோவால்ஸ்கி, சக வீராங்கனை ஸ்டோனோட தன்னைப் பிணைச்சிருக்கற கொக்கியைக் கழற்றிவிடுகிற இடம்தான். நிலையத்துல நிக்கற ரஷ்ய விண்கலம் சோயுஸோட பாராசூட் கயிறு ஸ்டோன் காலில் சிக்கி, ரெண்டு பேரும் நின்னாச்சு. அதுக்கப்புறம் அவரை வெளியே இழுக்கறது எது? சர்வதேச விண்வெளி நிலையமும் அவங்களும் ஒரே வேகத்துலதானே சுத்தறாங்க. லேசாச் சுண்டியிருந்தாலே அவர் மிதந்து வந்திருப்பார். மனசு ஆறலை.

திசைமானி:
நிக்கலைங்க. கயிறு தளர்வா இருக்குன்னு அவரே சொல்றாரே, காலை விட்டு வழுக்கிட்டே போகுது. எனக்கு உறுத்தறது அதுக்கு முந்தின பயணம், ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து முதுகுப்பை உந்துகருவியை வச்சே நிலையத்துக்கு வர்றது. பூமத்தியரேகைத் தளத்துக்கு ஹப்பிள் பாதையின் சாய்வு 28.5 டிகிரி, நிலையத்துக்கு 51.6. சுற்றுப்பாதைத் தளத்தைத் திருப்ப மட்டுமே நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேக மாற்றம் வேணும். 1984ல் நாசா வீரர்கள் மாட்டிப் பறந்த நிஜ முதுகுப்பை எம்.எம்.யூ. தந்தது நொடிக்குச் சுமார் 25 மீட்டர். 2003ல் கொலம்பியா விண்வெளி ஓடம் 39 டிகிரி சாய்வில் இருந்தது. அந்த முழு விண்கலத்தாலயே நிலையத்துக்குப் போக முடியாது.

வால்வு:
தீ காட்சியை விட்டுட்டீங்களே! நிலையத்துக்குள்ள ஸ்டோன் தீயணைப்பானை அழுத்தினதும் பின்னால் தூக்கி அடிக்குது பாருங்க, அது அப்படியே உண்மை. காலைக் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் மாட்டிக்கிட்டுத்தான் அழுத்தணும். ஆனா வரிசை தப்பு. முதல்ல அலாரம், உடனே காற்றோட்ட விசிறிகளை நிறுத்தணும். எடையின்மையில் சூடான காற்று மேலே எழும்பாது, சுடர் உருண்டையா நின்னு ஆக்சிஜனுக்குத் தவிக்கும். விசிறி ஓடினா அதுவே ஊட்டிவிடும். அடுத்து அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை வெட்டணும், முகமூடி போடணும். படம் வந்தப்போ நிலையத்தின் அமெரிக்கப் பகுதி அணைப்பானில் இருந்தது கார்பன் டை ஆக்சைடு, மூடின அறையில் அதுவே ஆளைச் சாய்க்கும். கருவிகள் அடுக்கின ரேக்குக்குள் தீன்னா முகப்பில் இருக்கற சின்ன ஓட்டையில் அணைப்பானோட மூக்கைச் செருகி அடிக்கணும், பலகையைத் திறக்கவே கூடாது. அப்பவும் அடங்கலையா, வெளியேறிக் கதவைச் சாத்தணும். கதவுப் பாதையில் ஒண்ணும் கிடக்கக் கூடாது. படத்துல சோயுஸ் கதவை மூடவிடாம அணைப்பான் சிக்குமே, அதை மிகைன்னு நினைக்காதீங்க. 1997 ஜூன் 25ல் புரோகிரஸ் சரக்குக் கலம் மோதி ரஷ்ய விண்வெளி நிலையம் மிர்ரின் ஸ்பெக்டர் பகுதி ஓட்டையானப்போ, கதவு வழியா ஓடின கேபிள்களை அகற்றின பிறகுதான் மூட முடிஞ்சது.

திசைமானி:
விசிறி விஷயம் எல்லாத் தீக்கும் பொருந்தாது. அதே வருஷம் பிப்ரவரி 23ல் மிர்ல எரிஞ்சது ஆக்சிஜன் தயாரிக்கும் குப்பி. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே கக்கும். நுரை அடிச்சும் சட்டுன்னு அடங்கலை. உள்ளே ஆறு பேர், ரெண்டு சோயுஸில் ஒண்ணுக்குப் போற வழியை மறிச்சுக்கிட்டு எரிஞ்சது.