நண்டூறுது நரியூறுது: குழந்தைங்களோட ஆடிப் பாடினதுல விடாம மனசுல நிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

உறையூர்க்காரி
திருச்சியில ஒரு குழந்தைங்க கிளினிக்ல டோக்கன் எடுத்துட்டு உக்காந்திருந்தேன். எதிர்ல ஒரு பையன், ரெண்டு வயசு இருக்கும், போன்ல சார்ஜ் போயிடுச்சு, அவ்ளோதான், ஊரே கூடுற மாதிரி அழுகை. பக்கத்துல ஒரு பாட்டி, அவங்களுக்கு சொந்தம்கூட இல்ல, பையன் கைய இழுத்து உள்ளங்கையில தன் முழங்கைய வச்சு பருப்பு கடைய ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான, பருப்பு கடைஞ்சு, சோறு பிசைஞ்சு, ஒவ்வொரு விரலா மடக்கி அம்மாவுக்கு அப்பாவுக்கு காக்காவுக்குன்னு குடுத்துட்டு, கைய கழுவி விட்டு, அப்புறம் நண்டு மேல ஏறும். இந்தப் பாட்டி ரெண்டு விரல முழங்கை மடிப்பு வரைக்கும் நடத்திட்டுப் போய் அங்கயே நிறுத்திட்டாங்க. பாடல, அசையல, சும்மா இருக்காங்க. பையன் கன்னத்துல கண்ணீர் காயவே இல்ல, மூச்சப் பிடிச்சுக்கிட்டு அவங்க வாயையே பாக்குறான். கைய பாக்கல, வாய. கொஞ்ச நேரம் பாத்துட்டு அவனே கைய தூக்கி அக்குளக் காட்டினான்! கிச்சுகிச்சு இன்னும் மூட்டவே இல்ல, அதுக்குள்ள சிரிப்பு.

அவங்க அம்மா "இது எந்தப் பாட்டும்மா, யூடியூப்ல இருக்கா"ன்னு கேட்டாங்க, பாட்டிக்கு அந்தக் கேள்வியே புரியல. கை கழுவுற இடத்துல அவங்க பாடின ரெண்டு வரி நான் கேட்டதே இல்ல, கிணத்தடி, வழுக்கும்னு என்னமோ வந்துச்சு. கேட்டு எழுதிக்கலாம்னு நினைக்கறப்ப அவங்க டோக்கன் கூப்பிட்டுட்டாங்க, அப்புறம் ஆளையே பாக்கல. அந்த ரெண்டு வரி என்னவா இருக்கும்னு இன்னும் உறுத்துது. உங்க ஊர்ல அந்த இடத்துல என்ன பாடுவீங்க?

மூணாவது மாடி
வரி எனக்குத் தெரியாது, ஆனா அந்தப் பாட்டி நிறுத்தினாங்க பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம். என் அக்கா பையன் ரெண்டரை வயசு வரைக்கும் வாயே திறக்கல, ஸ்பீச் தெரபிக்கு கூட்டிட்டுப் போனப்ப அங்க செஞ்சதும் இதேதான். தெரிஞ்ச பாட்ட பாடிக்கிட்டே வந்து கடைசி வார்த்தைய சொல்லாம குழந்தை முகத்தப் பாத்துக் காத்திருப்பாங்க. "சாய்ந்தாடம்மா"ன்னு பாடிட்டு அக்கா வாய மூடிக்கிட்டா. ரொம்ப நேரம். நாங்கெல்லாம் பக்கத்துல மூச்சு விடல. அவன் "ஆது"ன்னான். சாய்ந்தாடு இல்ல, ஆது. அக்கா அழுதுட்டா.

வீடியோல பாட்டு நிக்காது, குழந்தை பதில் சொன்னாலும் சொல்லாட்டியும் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு, ரெண்டு வயசுக்குள்ள குழந்தைய திரை முன்னாடி உக்கார வைக்கவே வேண்டாம், 2ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு. யாரையும் குறை சொல்லல, வேலைக்குப் போற வீட்டுல எவ்ளோ கஷ்டம்னு தெரியும். ஒரே ஒரு பாட்டு போதும், தினமும் அதையே பாடுங்க, புதுசு புதுசா தேடாதீங்க, குழந்தைக்கு அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சாதான் அது காத்திருக்கும். ரெண்டு வயசு தாண்டியும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசலைன்னா "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்"னு சொல்றவங்க பேச்ச கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, காதையும் டெஸ்ட் பண்ணுங்க.

ஸ்கார்பரோ அம்மா
எங்கட மகளுக்கு நாலு வயசு. பருத்தித்துறையில இருக்கிற அம்மம்மா வீடியோ கோல்ல பனையோலையில கிலுகிலுப்பை பின்னிக் காட்டினவ. இஞ்ச ஓலைக்கு எங்க போறது, நான் பழைய காலண்டர் தாளை நீட்டு நீட்டா வெட்டிக் குடுத்தன். ஒண்டுக்கு மேல ஒண்டு, பிறகு கீழ, இது விளங்கிற வரைக்கும் பிள்ளைக்குச் சரியான கஷ்டம். நான் பின்னி முடிச்சுக் குடுத்ததை எல்லாம் அவிழ்த்துப் போட்டாள். எனக்குக் கோவம் வந்திட்டுது, அம்மம்மாதான் "அவிழ்க்க விடு பிள்ளை, அவிழ்த்துப் பார்த்தாத்தான் எப்பிடி ஏறி இறங்குதெண்டு தெரியும்" எண்டவ. பிறகு பார்த்தா அவள் ஒரே ஒரு தாளை மட்டும் உருவி எடுக்கிறாள், அந்த இடத்திலயே திருப்பிக் கோக்கிறாள், உருவுறாள், கோக்கிறாள். முடிஞ்ச உடன அதை போன் திரையில ஒட்டிப் பிடிச்சு "அம்மம்மா, பிடியுங்கோ" எண்டாள். அம்மம்மா அங்க கையை நீட்டினா. உறையூர்க்காரி, நான் அவவிட்டை உங்கட பாட்டையும் கேட்டுச் சொல்லுறன்.

எழுபது முத்து
பல்லாங்குழிய யாருமே சொல்லலையே. 14 குழி, எங்க வீட்டுல குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒரு குழியில நாலு சேந்தா "பசு", அத அள்ளிக்கலாம். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, ஸ்கூல்ல எண்ண வராதுன்னு டைரில எழுதி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு சாயந்தரம் என் மாமியாரோட ஆடிட்டிருந்தா. அத்தை பேச்சு மும்முரத்துல ஒரு பசுவ விட்டுட்டாங்க. இவ எதிர்ப்பக்கத்துல இருந்து, விரல நீட்டல, ஒண்ணு ரெண்டுன்னு சொல்லல, பாத்த மாத்திரத்துல "பாட்டி, உங்களுக்குப் பசு"ன்னா. எண்ணத் தெரியாத பிள்ளையா இது? அந்த டைரில கையெழுத்துப் போட என் கை வரவே இல்ல.

நைட் ட்யூட்டி
எல்லாம் சரி, ஆனா புளியங்கொட்டைய இவ்ளோ சாதாரணமா சொல்றீங்களே. நான் ஒரு ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்டை வார்டுல நர்ஸ். ஒரு குழந்தைக்கு ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமா சளி, வீட்டுல ரொம்ப நாளா சளி மருந்து குடுத்துட்டு இருந்திருக்காங்க, உள்ள பாத்தா ஊறி உப்பின புளியங்கொட்டை. அத எடுத்து ட்ரேல போட்டப்ப டொக்குன்னு கேட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

தயவுசெஞ்சு கேட்டுக்கோங்க. மூணு வயசுக்கு கீழ உள்ள குழந்தை வீட்டுல இருந்தா கொட்டை, மணி, சோழி எதையும் தரையில விடாதீங்க, பெரிய குழந்தை ஆடி முடிச்சதும் எண்ணிப் பாத்து எடுத்து வைங்க. குன்றிமணி எந்த வயசுக்கும் வேண்டாம், அது விஷம், பாக்க அழகா இருக்குன்னு பிள்ளையார் கண்ணுக்கு வாங்கிட்டு மிச்சத்த டப்பால போட்டு வைக்கிறாங்க, அந்த டப்பாதான் குழந்தை கையில கிடைக்கும். மூக்குல எதுவும் போயிட்டா பின், பட்ஸ், எதையும் விட்டு நோண்டாதீங்க, இன்னும் உள்ளதான் போகும். பாட்டுப் பாடுற பொம்மைல இருக்குற சின்ன வட்ட பேட்டரி மூக்குல போனாலோ முழுங்கினாலோ விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அது சில மணி நேரத்துலயே உள்ள சதைய அரிச்சுடும், நேரா ஆஸ்பத்திரி. மைதா பசை வீட்டுல காய்ச்சறவங்க பூச்சி வராம இருக்கட்டும்னு மயில்துத்தம்ங்கற நீல விஷ உப்பு போடுவாங்க, குழந்தைங்க கைவேலைக்கு அது கூடவே கூடாது, அன்னன்னைக்குக் கொஞ்சமா காய்ச்சிக்கோங்க.

எழுபது முத்து
நைட் ட்யூட்டி, எங்க வீட்டுல சின்னக் குழந்தை கிடையாது, அத்தை கூடவே உக்காந்துதான் ஆடுறாங்க. பயந்து பயந்து எல்லாத்தையும் எடுத்து வச்சா கையில மிஞ்சுறது போன்தான். ஆனா குன்றிமணி விஷயம் நிஜமாவே தெரியாது, கொலுப் பெட்டில இருந்தத இப்பவே எடுத்துப் போட்டுட்டேன்.

மஞ்சள் தாள்
நான் ஒரு அப்பா. மஞ்சத்தூள தண்ணில கரைச்சு வெள்ளைத்தாள்ல தடவிக் காய வச்சுட்டு, சோப்புத் தண்ணியில பிரஷ்ஷத் தொட்டு வரையச் சொன்னேன். தொட்ட இடமெல்லாம் செக்கச்செவேல்னு கோடு விழுது. மேல எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டா திரும்ப மஞ்சள். என் பொண்ணு பிரஷ்ஷ கீழ வச்சுட்டு ரொம்ப யோசிச்சு "அப்பா, ஆரத்தித் தட்டுலயும் சோப்புப் போடுவாங்களா"ன்னு கேட்டா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, நாலரை வயசுங்க. அது சோப்பு இல்ல, சுண்ணாம்பு, ரெண்டும் மஞ்சள ஒரே மாதிரி மாத்தும்னு சொன்னேன். சுண்ணாம்ப அவ கையில குடுக்கல, கண்ணுல பட்டா ஆபத்து.

அந்தத் தாள ஸ்கூலுக்கு ஆசையா எடுத்துட்டுப் போனா. மிஸ் "கலர் கொட்டின தாளெல்லாம் கொண்டு வரக்கூடாது"ன்னு சொல்லிட்டாங்களாம். மடிச்சு பைக்கு அடியில வச்சிருந்தா. அதுக்கப்புறம் மஞ்சத்தூள எடுத்தாலே வேணாம்ங்கறா. திரும்ப எப்படி ஆரம்பிக்கிறது? யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

ஸ்கார்பரோ அம்மா
அவளைக் கூப்பிடாதேங்கோ. நீங்க தனிய இருந்து செய்யுங்கோ, எலுமிச்சையை மட்டும் மறந்த மாதிரி தூர வையுங்கோ. அவளே எடுத்துக்கொண்டு வருவாள்.