புகார்க் குழுவில் எனக்கு முதல் விசாரணை: குறிப்பேட்டில் எதை எழுதுவது, எதை விடுவது?

நூலகத்து மேசை (ஜனக்புரி, தில்லி)

வணக்கம். தில்லியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். போன மாதம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழுவில் ஆசிரியரல்லாத ஊழியர்கள் சார்பில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். 'விசாகா கமிட்டி' என்று நாம் இன்னும் சொல்கிறோமே, அதுதான். அரை நாள் பயிற்சி நடந்தது. சட்டம் எந்த ஆண்டு வந்தது, குழுவில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் திரையில் ஓடியது. எதிரே ஒரு பெண் உட்கார்ந்து பேசும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது முதல் புகார் வந்துவிட்டது. முதல் அமர்வில் அந்தப் பெண் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசினார். பாதி ஆங்கிலம், தொண்டை அடைக்கும் இடங்களில் எல்லாம் தமிழ். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மறுநாள் கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. முக்கால் மணி நேரப் பேச்சு ஐந்தே வரிகளில் முடிந்திருந்தது. 'தனக்குச் சங்கடமாக இருந்ததாகத் தெரிவித்தார்' என்று ஒரு வரி. சங்கடம் என்ற சொல்லையே அவர் சொல்லவில்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

புகாரில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பாலியல் தொந்தரவு, மற்றொன்று சாதியை வைத்துச் சொன்ன பேச்சு. இரண்டாவது நம் குழுவின் வேலை இல்லை, விட்டுவிடலாம் என்கிறார் ஒரு மூத்த உறுப்பினர். தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டதால் காலம் கடந்த புகார் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. இவர்கள் எல்லாம் பேராசிரியர்கள், நான் நூலகர். எதிர்த்துப் பேச எனக்கு ஆதாரம் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

(திருத்தம்: முதல் பதில் சொன்னவரின் அறிவுரைப்படி இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன்.)

மலைமந்திர் பக்கத்து வீடு (ஆர்.கே. புரம், தில்லி)

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள் அம்மா. அந்தப் பெண் எந்தத் துறை, எந்த ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகளையும் உடனே எடுத்துவிடுங்கள். பெயர் சொல்லவில்லை என்பது போதாது. ஒரு துறையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பணியிடப் பாலியல் தொந்தரவைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, புகார் கொடுத்தவரையோ எதிர்த்தரப்பையோ சாட்சிகளையோ அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. நல்ல மனத்துடன் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லக் கூடாத விஷயம் இது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆறு ஆண்டுகள் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அந்த ஐந்து வரிகள்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றிவிட்டேன். புகார் கொடுத்த பெண்ணும் தமிழ், எதிர்த்தரப்பான அவளுடைய ஆய்வு நெறியாளரும் தமிழ். முதல் சந்திப்பிலேயே அவர், "சொந்த ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். "ஊரில் எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி. இவள் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறாள். அவரே ஒரு சிரிப்புடன், "சரி, சரி, புரிந்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் எல்லாம் தொடங்கியது. குழுவில் இதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. குறிப்பு எழுதியவர் தமிழர் அல்லர். மறுநாள் நான் படித்துப் பார்த்தபோது, 'எதிர்த்தரப்பினர் மாணவியின் முகவரியை விசாரித்தார்' என்று இருந்தது. முகவரி! நம் ஊரில் தெருவைக் கேட்பது எதைக் கேட்பது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லக்னோவிலிருந்து வந்த உறுப்பினருக்கு எப்படித் தெரியும்? அவர் மீது குற்றம் இல்லை. அதை விளக்கிச் சொல்ல அங்கே நான் இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் குற்றம்.

அடுத்த அமர்வில் நான் கேட்டு அந்த வரியை மாற்ற வைத்தேன். அவள் சொன்ன தமிழ்ச் சொற்களை அப்படியே எழுதி, கீழே பொருளும், அந்தக் கேள்விக்குத் தமிழ்ச் சூழலில் என்ன அர்த்தம் என்ற விளக்கமும் சேர்த்தோம். எதிர்த்தரப்பிடமும் அதைக் காட்டி, "இப்படிக் கேட்டீர்களா? எதற்காகக் கேட்டீர்கள்?" என்று கேட்டோம். அவருடைய பதிலும் அவர் சொற்களிலேயே பதிவானது. விசாரணையின் போக்கே அதன் பிறகு மாறியது.

ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடாதது மிகவும் சரி. குழுத்தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: 'புகார்தாரரின் வாக்குமூலம் அவர் பேசிய மொழியில், அவர் சொற்களில் பதிவு செய்யப்பட வேண்டும். அவர் படித்துப் பார்த்துத் திருத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும்.' கடிதத்தின் நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். எதிர்த்தரப்பின் வாக்குமூலத்துக்கும் இதே முறைதான். அதில் பாகுபாடு காட்டினால் நாளைக்கு நீதிமன்றத்தில் எல்லாமே சரிந்துவிடும்.

சாதி விஷயம் நம் வேலை இல்லை என்பவரிடம் ஒன்று சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அந்தப் பகுதியை அவருக்கு அனுப்புங்கள், ஆனால் வாக்குமூலத்திலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். அவள் வாழ்க்கையில் இரண்டும் ஒன்றாகத்தான் நடந்திருக்கிறது. சாதியால் கீழே தள்ள முடியும் என்று நினைத்ததால்தானே அவர் அத்துமீறத் துணிந்தார் என்று கேட்க இடம் இருக்க வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு பற்றி விசாரித்த தோரட் குழுவின் அறிக்கை 2007-இல் வெளிவந்தது, அதைப் படித்துப் பாருங்கள். பாகுபாடு வசைச்சொல்லில் மட்டும் இல்லை, ஆசிரியரின் கவனம் யாருக்குக் கிடைக்கிறது, விடுதியில் யார் எந்த மாடிக்கு ஒதுங்குகிறார்கள் என்பதிலெல்லாம் இருக்கிறது என்று அதில் காணலாம்.

இன்னொன்று. அந்தப் பெண்ணின் ஆய்வு முன்னேற்ற அறிக்கையில் இன்னும் எதிர்த்தரப்புதான் கையெழுத்துப் போடுகிறாரா? அப்படியானால் இன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லுங்கள். விசாரணை முடியும்வரை அவளுடைய வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்று உத்தரவிட, பாலியல் தொந்தரவு பற்றிய மானியக் குழுவின் 2015 விதிமுறைகளில் இடம் உண்டு.

பாட்டியாலா ஹவுஸ் வழக்கறிஞர் (தில்லி)

மேலே அம்மா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

சமரசம் என்பது பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டுமே. குழு முன்மொழியக் கூடாது, பணம் கொடுத்து முடிப்பதும் கூடாது. 'கூப்பிட்டுப் பேசுவோம்' என்று யார் சொன்னாலும், "புகார்தாரர் எழுத்தில் கேட்டிருக்கிறாரா?" என்று கேளுங்கள்.

கால வரம்பு: சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்களாக இருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் அதை எழுதிவைத்து மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். ஆகவே தொடங்கி ஓராண்டு ஆயிற்று என்பது மட்டும் புகாரைத் தள்ளிவிடப் போதாது. ஆனால் இங்கே கவனம் தேவை. 2025 செப்டம்பரில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகார் காலம் கடந்து வந்தது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. தொந்தரவு நின்ற பிறகு வந்த நிர்வாக நடவடிக்கைகளை அதன் தொடர்ச்சியாகக் கருத முடியாது என்றது. எனவே கடைசிச் செய்தி, கடைசி அழைப்பு, கடைசிப் பேச்சு எந்தத் தேதியில் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள்.

அவசரமும் ஆபத்து. கோவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 மே 12 அன்று தந்த தீர்ப்பை எல்லாக் குழு உறுப்பினர்களும் படிக்க வேண்டும். குழு மின்னல் வேகத்தில் விசாரித்து முடித்ததால், எதிர்த்தரப்பான ஆசிரியருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையைத் திருப்பி அனுப்பியது. 2009-இல் மாணவிகள் கொடுத்த புகார்! அந்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்றுதான் விதி. அந்த 90 நாளையும் இரு தரப்புக்கும் ஒழுங்காகப் பயன்படுத்துங்கள்.

குற்றவியல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்பதே அளவுகோல். நிரூபிக்க முடியவில்லை என்பதால் பொய்ப் புகார் என்று ஆகிவிடாது. இதைச் சட்டமே 14-ஆவது பிரிவில் சொல்கிறது.

முனிர்கா மாடிவீடு (தில்லி)

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

என்னைக் காலை 11 மணிக்கு வரச் சொன்னார்கள். நடைபாதையில் ஒரே ஒரு மர பெஞ்சு. நான் யார் மீது புகார் கொடுத்தேனோ அவரையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், நடுவில் என் பை. 40 நிமிடம். அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே போனபோது நான் தயாராக வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. தேதிகளை மாற்றிச் சொன்னேன். பிறகு 'முன்னுக்குப் பின் முரண்' என்று எழுதினார்கள்.

அதனால் அக்கா, உங்களால் முடிந்த மிகச் சின்ன வேலையைக் கேட்கிறேன். இருவரையும் வெவ்வேறு நாளில் வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெவ்வேறு அறை. கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பாருங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பல கேள்விகள் வராது. அமர்வு முடிந்ததும் அடுத்து என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள் என்று அவளிடம் சொல்லி அனுப்புங்கள். எனக்கு ஏழு வாரம் ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு நாளும் மின்னஞ்சலைத் திறக்கும்போது வயிறு கலங்கும்.

நீங்கள் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று படித்தபோது அழுதுவிட்டேன். என் குழுவில் அப்படி ஒருத்தி இல்லை.

நூலகத்து மேசை (ஜனக்புரி, தில்லி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டேன் அம்மா, மன்னிக்கவும். கடிதத்தை இன்று காலை குழுத்தலைவரிடம் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொண்டேன். படித்துவிட்டு அவர், "தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்டார். நான் வாசிக்கிறேன், ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன், இரண்டையும் கோப்பில் வையுங்கள் என்றேன். வியாழக்கிழமை அந்தப் பெண் மட்டும் வருகிறார், எதிர்த்தரப்புக்குத் திங்கள்கிழமை. முன்னேற்ற அறிக்கையில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதை அன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

முனிர்கா தங்கையே, எங்கள் நடைபாதையிலும் ஒரு மர பெஞ்சு கிடக்கிறது. புதன்கிழமை மாலையே அதை எடுத்துப் பத்திரிகைப் பிரிவில் போடச் சொல்லிவிட்டேன்.