ஏற மூச்சு பத்துது, இறங்கத்தான் தொடை ஒத்துழைக்க மாட்டேங்குது: வெள்ளியங்கிரிக்கு எப்படித் தயாராவது?

பெருந்துறையான்:
வணக்கமுங்க. மார்ச் கடைசியில வெள்ளியங்கிரி மலை ஏறப் போறதா இருக்கறோம், இன்னும் ஆறு வாரம் இருக்குது. வயசு 38, எடை 74 கிலோ, சுகர், பிரஷர் எதுவும் இல்லீங்க. வாரத்துல ரெண்டு நாள் சென்னிமலைப் படி 1320ம் ஏறிட்டு, பஸ்ல இறங்கிக்கிட்டு இருந்தேன். மூச்சு நல்லாத் தேறிடுச்சு, இப்ப பேசிக்கிட்டே ஏற முடியுது. போன வாரந்தான் படியிலயே இறங்கினேன். மறுநாள் தொடை முன்பக்கம் பிடிச்சுது, அதுக்கடுத்த நாள் இன்னும் மோசம். ஜிம்முல கேட்டா லாக்டிக் அமிலம் சேர்ந்துக்கிச்சுங்கறாங்க. நெசமா? வலி இருக்கறப்ப பயிற்சி பண்ணலாமுங்களா?

இயன்முறை_கோபி:
லாக்டிக் அமிலம் இல்லீங்க. வேகமா ஏறறப்ப தொடை எரியுமே, அப்ப ரத்தத்துல லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்புல இருக்கற வடிவம்) கூடியிருக்கறது உண்மைதான். ஆனா நின்னுட்டா ஒரு மணி நேரம் போல ஆகறதுக்குள்ள பழைய அளவுக்கு வந்துடும். இதயமும் மத்த தசைகளும் அதை எரிபொருளா எடுத்துக்கும், கல்லீரல் குளுக்கோஸா மாத்திடும். ரெண்டாம் நாள் வலிக்கு அது மேல பழி போடறதுல அர்த்தமில்லை.

ஏறறப்ப முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குது. இறங்கறப்ப அதே தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்கி பிரேக் பிடிக்குது. இந்த வேலையைக் கொஞ்சம் தசை இழைகள்தான் செய்யும், அதனால ஒவ்வொரு இழை மேலயும் இழுவை அதிகம். உள்ள நுண்ணிய அளவுல சேதமாகி, வீக்கம் வந்து, வலி நரம்புகள் கூச்சமாக நேரம் பிடிக்கும். அதான் மறுநாள் ஆரம்பிச்சு 48 மணி நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகுது, நாலஞ்சு நாள்ல போயிடும். இறங்கறப்ப ஆக்சிஜன் செலவு கம்மி, மூச்சு வாங்காது. 'சும்மா இறங்கறோம்'னு ஏமாந்து போறது இதனாலதான்.

ஆனா ஒருதரம் இப்படி வலிச்சுட்டா, அடுத்த தடவை அதே இறக்கத்துக்கு வலி நல்லாவே குறையும். அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிக்கும். அதனால பஸ்ஸை விட்டுட்டு இறங்கப் பழகுங்க.

வலி ரெண்டு தொடையிலயும் பரவலா இருந்து, சித்தெ நடந்தா இளகுதுன்னா, மெதுவா நடக்கலாம், தப்பில்லை. ஒரே காலுல, மூட்டுச் சில்லுக்குக் கீழ ஒரு விரல் வெக்கற இடத்துல குத்துது, இல்லைன்னா மூட்டு வீங்குதுன்னா அது வேற கதை, நிறுத்திட்டுக் காட்டுங்க.

படியேறி:
மூச்சு சீக்கிரம் தேறும், கால் மெதுவாத்தான் தேறும். முதல் ரெண்டு வாரத்துலயே ரத்தத்தோட நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடி, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ள ஆரம்பிச்சுடுது. தசைக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவும் மயிரிழை ரத்தக் குழாய்களும் பெருக இன்னும் சில வாரம் ஆகும். தசையை எலும்போட இணைக்கற தசைநாண் கெட்டிப்பட மாசக்கணக்குல ஆகும். மூச்சு சரியாப் போச்சேன்னு படியை ஒரேயடியா ரெட்டிப்பாக்கறவங்களுக்கு மூட்டு வலி வர்றது இங்கதான்.

ஆறு வாரம் உங்களுக்குப் போதும். வாரத்துல ஒருநாள் முழுசா ஏறி பஸ்ல வாங்க. இன்னொரு நாள் அடியில இருந்து 600 படி ஏறி, அதே 600 இறங்குங்க. அடுத்த வாரம் 900, மூணாவது வாரம் முழுப் படி. நாலாவது வாரம் முதுகுல 4 கிலோ பையோட முழுப் படி. மலைக்கு 8-10 நாள் முன்னாடியே கடைசிப் பெரிய இறக்கத்தை முடிச்சுக்குங்க. அப்புறம் சமதள நடை மட்டும்.

வீட்டுல 15-20 செ.மீ. உயரப் படி ஒண்ணு போதும். அது மேல ஒரு காலுல நின்னு, மூணு எண்ணிக்கிட்டே மெதுவா மறு குதிகாலைத் தரையில தொட்டு எந்திரிங்க. காலுக்கு 8 தடவை, ரெண்டு சுற்று, வாரம் ரெண்டு நாள். முட்டி உள்பக்கம் சாயாம ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும். கடைசி நாலு விரக்கடை தொப்புனு விழுந்தா பயன் போச்சு, படி உயரத்தைக் குறைங்க.

நொய்யல்கரை:
இவ்வளவு எதுக்குங்க? ஏறறதுக்கு முன்னாடி ஒரு வலி மாத்திரை போட்டுக்கிட்டாப் போதும், எங்க செட்டுல பாதிப் பேரு அப்படித்தான்.

இயன்முறை_கோபி:
அண்ணா, அதை மட்டும் சொல்லாதீங்க. வேர்த்து நீர் வத்தியிருக்கறப்ப சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் குறையும். டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் அந்த ரத்த ஓட்டத்தை இன்னும் இறுக்கும். அதோட தசை ரொம்பச் சிதைஞ்சா அதுல இருந்து வர்ற மயோகுளோபின்ங்கற தசைப் புரதமும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். இறங்கி வந்த பிறகு சிறுநீர் கடுந்தேயிலை நிறத்துல போனா, தசை கல்லாட்டம் வீங்கியிருந்தா, வீட்டுல படுக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

ஏறறப்ப நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவற வலி, நின்ன பிறகும் அடங்காத மூச்சுத் திணறல்னா மேல போகவே கூடாது. செட்டுல இதய நோய், சுகர், பிரஷர் இருக்கறவங்க முன்கூட்டியே டாக்டரைப் பாக்கணும்.

பெருந்துறையான்:
சரிங்க. சாப்பாடு, தண்ணி? பூண்டி அடிவாரத்துல விக்கற மூங்கில் தடி உபயோகமா, சும்மா சம்பிரதாயமா?

படியேறி:
பயிற்சி நாள்கள்ல புரதம் கிலோவுக்கு 1.4-1.6 கிராம், உங்க எடைக்குக் கிட்டத்தட்ட 105-120 கிராம். நூறு கிராம் கொள்ளுல 22 கிராம் சொச்சம், ஒரு முட்டையில 6. முந்தின ராத்திரி அரிசி பருப்பு சாதம் தாராளமாச் சாப்பிடுங்க, புது அயிட்டம் எதுவும் வேண்டாம். மலையில மணிக்கு 30-60 கிராம் மாவுச்சத்து. கடலை மிட்டாயும் பழமும் கையில இருக்கட்டும். வெறும் தண்ணியை லிட்டர் கணக்குல குடிச்சா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும், தலைவலியும் குமட்டலும் வரும். தாகத்துக்குக் குடிங்க. ஓ.ஆர்.எஸ். வேணும்னா ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர்லயே கரைங்க, கெட்டியாக் கலக்காதீங்க.

தடி கண்டிப்பா வாங்குங்க. இறங்கறப்ப முதல்ல தடியைக் கீழ்ப்படியில ஊனி, எடையில கொஞ்சத்தை அதுமேல சாய்ச்சுட்டு, அப்புறம் காலை வெச்சா முட்டிக்கு வர்ற சுமை குறையும். காலை வெச்சுட்டுத் தடியை இழுத்துக்கிட்டு வந்தா ஒண்ணும் ஆகாது. நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழ பிடிக்கற மாதிரி நீளம் பாத்து எடுங்க, கணு பிளந்திருந்தா வேற கேளுங்க.