52,000 ரூபாய் பழைய ஸ்ப்ளெண்டருக்கு 9,360 ரூபாய் வரியா? பெயர் மாற்றமும் நிற்கிறது

நம்பியூர்க்காரன்:
வணக்கமுங்க. போன வாரம் கோபியில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடையில் 2017 மாடல் ஸ்ப்ளெண்டர் பைக் பேசி முடித்தேன். விலை 52,000. வண்டி டிஎன் 36, நானும் அதே ஆர்டிஓ எல்லைதான். 40,000 கொடுத்து வண்டியை எடுத்து வந்துவிட்டேன். மீதியைக் கட்டி ஆர்சி வாங்கப் போனால், "ஜிஎஸ்டி 18 சதவீதம், 9,360 தனிங்க" என்கிறார் கடைக்காரர். பில் கேட்டால், "பில்லெல்லாம் எதுக்குங்க தம்பி, பேர் மாறி வந்துரும்" என்று சிரிக்கிறார். ஆர்சியில் இருப்பதோ கூகலூர்க்காரர் ஒருவரின் பெயர். அவர் கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் தேதி எழுதாமல் கடையில் கிடக்கின்றன. போதாததற்கு ஆர்சியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் ஏறியிருக்கிறது. இந்த வரியை நான்தான் கட்ட வேண்டுமா? ஆர்டிஓவில் வேறு தனியாகக் கட்ட வேண்டி வருமா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, மீதி 12,000ஐ இப்போதைக்குக் கொடுத்துவிடாதீங்க.

பழைய வண்டி விற்கும் கடைக்கு ஜிஎஸ்டி உண்டு, அது பொய்யில்லை. 2025 ஜனவரியில்தான் பைக்குக்கு 12 சதவீதமாக இருந்தது 18 ஆனது. ஆனால் அந்த 18 சதவீதம் முழு விலைக்கு அல்ல, கடைக்காரர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். கூகலூர்க்காரரிடம் 45,000க்கு எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 7,000, வரி 1,260. 9,360 எங்கிருந்து வந்தது?

அப்புறம், கடைக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33இல் தொடங்கும் 15 இலக்க எண் இருக்கும். வருட வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டாத சின்னக் கடைகள் பல பதிவே எடுப்பதில்லை. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு பைசா வாங்க முடியாது. கூகலூர்க்காரரிடமே நேராக வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. தனி ஆள் தன் சொந்த வண்டியைத் தனி ஆளுக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது.

விண்ணப்பம்_எழுதுபவர்:
ஆர்டிஓ பக்கத்தை நான் சொல்கிறேன். ஆயுள் வரி முதல் பதிவின்போதே கட்டியாயிற்று. இதே மாநிலத்துக்குள் கை மாறினால் மறுபடி கட்ட வேண்டியதில்லை, நம்பரும் மாறாது. பெயர் மாற்றத்துக்கு 150, ஸ்மார்ட் கார்டுக்கு 200, அதற்கு மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சிக்கல் வரியில் இல்லை, அந்த ஃபைனான்ஸ் பெயரில்தான். அது நீங்காமல் பெயர் மாறாது. கடன் முடிந்திருந்தால் கம்பெனி தடையில்லாச் சான்றும், ஆர்சியில் தன் பெயரை நீக்கச் சொல்லும் படிவம் 35ஐ சீல் வைத்து இரண்டு பிரதியும் தரும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் பழைய உரிமையாளர். ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஓடிபி போவதும் பெரும்பாலும் அவருடைய போனுக்குத்தான். ஆகவே கடையை விட்டுவிட்டு நேராகக் கூகலூர் போங்கள்.

பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரையும் நீங்களே பென்சிலில் தேய்த்து எடுத்து வையுங்கள். ஹேண்டிலை ஒரு பக்கமாக ஒடித்தால் கழுத்துக் குழாயில் தெரியும். மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்து, வெள்ளைத் தாளை இறுக்கிப் பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். 17 இடங்கள், ஹீரோ வண்டி என்றால் எம்பிஎல் என்று தொடங்கும். வட்டமாகத் தெரிவது எல்லாம் பூஜ்யம்தான், ஓ என்ற ஆங்கில எழுத்தை அதில் போடுவதில்லை. இதைத் தப்பாக எழுதித் திரும்பி வந்தவர்களை வாரம் ஒருத்தராவது பார்க்கிறேன்.

பழைய_டிவிஎஸ்50:
கூகலூர்க்காரர் மறுக்க மாட்டார். நான் அவர் இடத்தில் இருந்தவன். வண்டியைக் கன்சல்டிங்கில் தள்ளிவிட்டு மறந்து போனேன். எட்டு மாதம் கழித்து யாரோ ஹெல்மெட் போடாமல் போனதற்கு என் போனில் அபராதம் வந்தது. அதாவது பரவாயில்லை. விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொல்லுங்கள், உங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்காருவார்.

தாளவாடி_மச்சான்:
இடையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாம்ராஜ்நகரில் கேஏ 10 வண்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

விண்ணப்பம்_எழுதுபவர்:
அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி கட்டி, புது டிஎன் நம்பர் போட வேண்டும். கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், பொறுமை இருந்தால். திம்பம் இறங்குவதற்குள் மலிவு கரைந்துவிடும்.

நம்பியூர்க்காரன்:
நன்றிங்க. ஜிஎஸ்டி நம்பர் போட்டு பில் கொடுங்கள், எவ்வளவானாலும் கட்டுகிறேன் என்று கடையில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சரி விடுங்க, பேசின விலையே போதும்" என்றார். மீதியைப் பெயர் மாறிய பிறகு தருவதாக வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். கூகலூர் அண்ணனையும் பார்த்தேன். கடனை 2019லேயே அடைத்துவிட்டாராம், சான்று வாங்கத்தான் போகவில்லையாம். திங்கட்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு ஈரோட்டில் ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். இன்சூரன்ஸ் அவர் பெயரில் அடுத்த மாதம் வரை இருக்கிறது. இப்போதே மாற்றணுமா?

கணக்குப்பிள்ளை:
மாற்றணும். வண்டி கை மாறி 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு ஒரு வாரம் போயிற்று. இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக அவருக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் தள்ளுபடி உங்களுக்கு வராது, அதைக் கணக்கில் சேர்க்காதீங்க. திங்கட்கிழமை ஈரோடு போகிறீர்கள் அல்லவா, அதே நடையில் முடித்துவிடுங்கள்.