பொருள்: மடக்குக்கத்தி அலகின் ‘பிளே’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், திங்கள் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒட்டுக்கட்டுவது சொல்லிக்கொடுக்கிறேன். ஆளுக்கொரு மடக்குக்கத்தி கொண்டுவரச் சொன்னேன், வந்தவை எல்லாம் சந்தையில் கிடைக்கும் மலிவுக் கத்திகள். குறை சொல்ல முடியாது, ஒருநாள் சம்பளத்தைக் கத்திக்குக் கொடு என்று எந்த வாயால் சொல்வது? அதனால் வாங்குவதற்கு முன்னால் எப்படிச் சோதிப்பது என்று இரண்டு பக்கத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

கத்தியை விரித்து, பிடியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் அலகின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து மெல்ல அசைத்தால் ‘டக் டக்’ என்று தட்டுமே, அதைத்தான் கேட்கிறேன். ஆங்கிலத்தில் பிளே. வகுப்பில் நானும் பிளே என்றுதான் சொன்னேன். ஒரு பிள்ளை “விளையாட்டா சேர்?” என்று கேட்டது.

இதில் இரண்டு வகை. இடம் வலமாக அசைந்தால், அலகைப் பிடியோடு சேர்க்கிற மூட்டாணி தளர்ந்திருக்கும். திருகாணி என்றால் கொஞ்சம் முடுக்கினால் போதும், தட்டி இறுக்கிய தறையாணி என்றால் அதற்கு வழி குறைவு. வெட்டும்போது எரிச்சல்தான், ஆபத்து அவ்வளவில்லை. மற்றது மேலும் கீழுமாக, மடங்குகிற திசையில் அசைவது. விரித்த அலகு மடங்காமல் நிறுத்துகிற பூட்டுள்ள கத்தியில் அது இருந்தால் நான் வாங்க மாட்டேன். பிடிக்குள் இருக்கிற மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கிறது இல்லையா, அது ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் சற்று அழுத்தியதும் வழுக்கும், அலகு விரலில் மடங்கும். என் சுட்டுவிரலில் மூன்று தையல் இருக்கிறது, கடைக்காரர் “கேரண்டி” என்று சொல்லித் தந்த கத்தி. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

பதுளை, செவ்வாய் காலை

தம்பிக்கு. உலைவு என்று வையுங்கள். உலைதல் என்றால் நிலைகுலைந்து அசைதல். பக்க உலைவு, மடக்குலைவு. ஓசையும் நன்றாக இருக்கிறது. போகிற போக்கில் இன்னொன்று, ‘கத்தி’யையே நாம் யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறோம். வடமொழியின் கர்த்தரியோடு அதைச் சேர்ப்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை, அது நம் சொல்தான். இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமே இல்லாத சொல் வேண்டுமென்றால் பொருநராற்றுப்படையில் நெல்லரிகிற ‘குயம்’ இருக்கிறது. மடக்குக்கத்தியை மடிகுயம் என்றால் என்ன?

மாத்தளை, செவ்வாய் மதியம்

ஐயா, மடிகுயம் என்று கேட்டால் எங்கள் ஊர் ஹார்ட்வெயார் கடைக்காரர் என்னைக் குயவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அலவாங்கு போர்த்துக்கீசச் சொல், அதை வைத்துத்தான் குழி தோண்டுகிறோம், யாரும் சுகவீனப்படவில்லை.

நான் கராஜில் வேலை செய்கிறவன். ஸ்டியரிங்கில் பிளே, பெயாரிங்கில் பிளே என்று நாள் பூராவும் அந்தச் சொல் வாயில் இருக்கும். ஆனால் வாகனம் கொண்டுவருகிற ஆள் பிளே என்று சொல்வதில்லை, “முன் சில்லு ஆடுது” என்பார். பல் ஆடுது, மேசை ஆடுது, கத்தி ஆடுது. ஆட்டம் என்று போடுங்கள், முடிந்தது.

கண்டி, செவ்வாய் இரவு

நான் வாக்களிப்பதென்றால் ஆட்டத்துக்குத்தான். தளர்வு என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அது பொருந்தாது. தளர்வு ஒரு காரணம், ஆட்டம் நம் கைக்குத் தெரிவது. ஆணி இறுக்கமாகவே இருந்து, அலகில் உள்ள துளை தேய்ந்திருந்தாலும் ஆடும். இடைவெளி என்பதும் சரிவராது, துளி இடைவெளியாவது இல்லாமல் எந்த மூட்டும் திரும்பாது. மொழிபெயர்க்கிறவர்கள் அடிக்கடி விடுகிற பிழை இது, அறிகுறியைக் கேட்டால் நோயின் பெயரை எழுதிவிடுவோம்.

‘அலகு’ என்று எழுதும்போது மட்டும் கவனம் சேர். பிள்ளைகளுக்கு அலகு என்றால் பாடப்புத்தகத்தின் அலகு 1, அலகு 2. ‘கத்தியின் அலகு’ என்று முதல் தடவை முழுதாக எழுதிவிடுங்கள்.

பதுளை, புதன் காலை

> ஆட்டம் என்று போடுங்கள், முடிந்தது.

முடியவில்லை தம்பி. சீட்டாட்டம், கிளித்தட்டு ஆட்டம், ‘ஒரு ஆட்டம் போடுவோமா’ – இதெல்லாம் என்ன? பிளே என்பதை விளையாட்டு என்று எடுத்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீங்களும் அதே பொருளுள்ள சொல்லைத்தானே வைக்கிறீர்கள்?

மாத்தளை, புதன் காலை

அப்போ அந்தப் பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

நுவரெலியா, புதன் மாலை

நான் மரக்கறி செய்கிறவன், சொல்லாராய்ச்சி தெரியாது, ஆனால் ஆட்டம் எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற மச்சான் ஒரு ஒபினெல் கத்தி கொண்டுவந்து தந்தார். பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் 1890 முதல் செய்கிற கத்தி, மரப்பிடி, கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல்தான் வந்ததாம், அதுவரை பூட்டு இல்லாமலே விற்றிருக்கிறார்கள். இங்கே மழைக்காலத்தில் பிடி ஈரத்தில் ஊதிப்போய்க் கத்தியைத் திறக்கவே பல்லைக் கடிக்க வேண்டும், ஆட்டம் துளியும் இல்லை. மாசியில் காய்ந்ததும் மெல்ல ஆடத் தொடங்கும். ஆகவே ஆட்டம் இல்லை என்பதற்காகக் கத்தி நல்லது என்று எழுதிவிடாதீர்கள், எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

மலிவுக் கத்தியில் நான் பார்ப்பது மடக்கி வைத்த நிலையில் அலகு நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்பது. அடுத்தது எழுத்து. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் பொறித்திருந்தால் அதில் ஒரு தகவலும் இல்லை. சீனக் கத்தி சிலவற்றில் 3சீஆர்13, 8சீஆர்13எம்ஓவி என்று உருக்கின் வகை இருக்கும். முதல் எண் காபனைக் காட்டுவது, ஏறக்குறைய 0.3 சதவீதம், 0.8 சதவீதம். 13 என்பது குரோமியம். முதல் வகை கறல் பிடிக்காது, கூரும் நிற்காது, லீக்ஸ் நாலு பாத்தி அறுத்தால் கல்லைத் தேட வேண்டும். சரி, பொறித்திருப்பதை எல்லாம் நம்பலாமா என்பது வேறு கதை.

பதுளை, புதன் இரவு

தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டமே இருக்கட்டும். ஆனால் பக்க + ஆட்டம் என்றால் நன்னூல் 162இன்படி வகர உடம்படுமெய் தோன்றிப் பக்கவாட்டம் ஆகும். பக்கவாட்டு என்ற சொல்லோடு குழம்பும். அவசரத்தில் வாசிப்பவர் பக்கவாதம் என்றே வாசிப்பார். கத்திக்குப் பக்கவாதம்! உலைவில் இந்தத் தொல்லை இல்லை.

கண்டி, வியாழன் காலை

பிரித்தே எழுதலாமே ஐயா, பக்க ஆட்டம் என்று. துண்டுப்பிரசுரத்துக்கு யாரும் புணர்ச்சி விதி பார்த்துப் புள்ளி போடப்போவதில்லை. மற்றதற்கு, அது பூட்டின் குறை என்பதால், பூட்டாட்டம் எப்படி?

மாத்தளை, வியாழன் காலை

அக்கா, அதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கம் குரங்காட்டம் என்றால் குரங்கு மாதிரி. “இந்தக் கத்தி பூட்டாட்டம் இருக்கு” என்றால் பூட்டு மாதிரிக் கெட்டியாக இருக்கிறது என்று நினைத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஹட்டன், வியாழன் இரவு

இதை வாசித்துவிட்டு வகுப்பில் சோதித்தேன். கத்தி ஒன்றைக் காட்டி “இது பூட்டாட்டம்” என்றேன். இருபது பேரில் பன்னிரண்டு பேர் நல்ல கத்தி என்றார்கள். இரண்டு பேர் உலைவு என்ற சொல்லைக் கேட்டுவிட்டு உலை வைக்கிறதா என்றார்கள், ஐயா மன்னிக்கவும். ஆகவே முடிவு: பக்க ஆட்டம், பூட்டில் ஆட்டம். இரண்டும் பிரித்து. இரண்டாவதற்குப் பக்கத்தில் ‘வாங்க வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில். எனக்கும் முழுத் திருப்தியில்லை, ஒன்று வகையின் பெயர், மற்றது இடத்தின் பெயர், ஜோடி சேரவில்லை. நேரம் இல்லை.

பதுளை, வியாழன் இரவு

என் மாற்றுக்கருத்தைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளவும். உலைவு.

ஹட்டன், அடுத்த செவ்வாய்

பிரதிகள் வந்துவிட்டன. ஒரு சங்கடம். அச்சகத்தில் தட்டச்சு செய்த பிள்ளை, நான் தெரியாமல் பிரித்துவிட்டேன் என்று நினைத்து எல்லா இடத்திலும் சேர்த்துவிட்டிருக்கிறது. ‘பக்கவாட்டம் இருந்தால் திருகாணியைக் கால் சுற்று முடுக்கவும்.’ முந்நூறு பிரதி.

பதுளை, அடுத்த செவ்வாய்

அந்தப் பிள்ளைக்கு நன்னூல் தெரிந்திருக்கிறது. எனக்கு ஐந்து பிரதி அனுப்பவும்.