1978: தன்னாட்சிக் கல்லூரிகளின் முதல் ஆண்டுகள் குறித்த ஆவணங்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டுத் தன்னாட்சிக் கல்லூரிகளின் நிர்வாகம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இந்திய அரசு அமைத்த கல்வி ஆணையமான கோத்தாரி ஆணையம் 1966-இல் முன்வைத்த தன்னாட்சி யோசனை 1978-இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. சென்னை லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவை அந்த முதல் வரிசையில் இருந்தவை. பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு எல்லாம் கல்லூரியின் கைக்கு வந்தன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்.

அரசாணைகளும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிமுறைகளும் நூலகத்தில் கிடைத்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது வேறு. அந்த அதிகாரம் உண்மையில் யாரிடம் போய்ச் சேர்ந்தது? துறை ஆசிரியர்களிடமா, முதல்வரிடமா, கல்லூரியை நடத்தும் நிர்வாகத்திடமா? அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை எதிர்த்து ஒரு மாணவர் முறையிட்டால் யார் காதுகொடுத்துக் கேட்டார்கள்? இதற்கான விடை பாடத்திட்டக் குழு, கல்விக் குழு ஆகியவற்றின் கூட்டக் குறிப்புகளில்தான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பழைய தாள் என்று அவை எடைக்குப் போய்விடுமோ என்பதே என் கவலை.

1978 முதல் 1990 வரை இக்கல்லூரிகளில் கற்பித்தவர்கள், படித்தவர்கள், தேர்வுப் பிரிவில் பணியாற்றியவர்கள் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து அறிமுகப்படுத்துங்கள். சுற்றறிக்கை, பழைய வினாத்தாள் என எதுவானாலும் உதவும். நேரில் வந்து பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அங்கேயே கொடுத்துவிடுவேன். ஆவணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மணி நேரம் பேசினால் போதும்.